பேசிக்கொண்டே ஏறிய படிகள்

திருமலைக்கு நடந்தே ஏறிப் போய்வந்தவர்களிடம் பயணம் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். தனியாகப் போனவர் எந்த இடத்தில் மூச்சு முட்டியது, எங்கே உட்கார்ந்தார், எந்தப் படியில் திரும்பிவிடலாமா என்று தோன்றியது என்றெல்லாம் விவரமாகச் சொல்வார். கணவனும் மனைவியுமாகப் போனவர்களிடமிருந்து பெரும்பாலும் வேறொரு பதில் வரும்: "பேசிக்கிட்டே ஏறிட்டோம், ஏறினதே தெரியலை."

அவர்கள் ஏறியது சின்ன ஏற்றமில்லை. அலிபிரி அடிவாரத்திலிருந்து போகும் பழைய பாதையில் 3,550 படிகள் இருக்கின்றன. தூரம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர். சந்திரகிரிப் பக்கம், ஸ்ரீநிவாசமங்காபுரத்துக்கு அருகிலிருந்து கிளம்பும் ஸ்ரீவாரி மெட்டு வழியில் 2,388 படிகள். தூரம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், ஏற்றமோ செங்குத்து. அலிபிரி வழியாகப் போனால் உடல் சுமார் 700 மீட்டர் மேலே போகிறது. ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 230 மாடிகளுக்கு மேல். 65 கிலோ எடையுள்ள ஒருவர் தம் உடலை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கிச் செல்ல நூறு கிலோகலோரிக்குச் சற்று அதிகமான வேலை செய்யவேண்டும். தசையோ தான் எரிக்கும் ஆற்றலில் அதிகம் போனால் நான்கில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும். மற்றது வெப்பமாகி வியர்வையோடு போய்விடும். ஆகவே உண்மையான செலவு நானூறு முதல் ஐந்நூறு கிலோகலோரி. பக்கத்தில் யார் நடந்தாலும் இதில் ஒரு கலோரியும் குறையாது. புவியீர்ப்புக்கு உறவுமுறை தெரியாது.

அப்படியானால் 'தெரியலை' என்கிறார்களே, அந்தச் சிரமம் எங்கே போனது?

பக்தி என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து, படிக்குப் படி மஞ்சள் குங்குமம் இட்டுக் குனிந்து நிமிர்ந்து ஏறும் பெண்களைப் பார்த்தவர்கள் அந்தப் பதிலை எளிதில் ஒதுக்கமாட்டார்கள். நானும் ஒதுக்கவில்லை. ஆனால் தனியாக ஏறுபவருக்கும் அதே பக்திதான். மேலும், எந்த வேண்டுதலும் இல்லாமல் தலக்கோனா அருவிக் காட்டுக்கோ மதனப்பள்ளிப் பக்கத்து ஹார்ஸ்லி ஹில்ஸுக்கோ இரண்டு பேராக நடந்துவிட்டு வருபவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். துணை என்பது தனியாக ஏதோ செய்கிறது. அது என்ன என்பதைச் சென்ற ஐம்பது ஆண்டுகளில் உளவியலாளர்களும் உடலியங்கியலாளர்களும் துண்டு துண்டாகக் கண்டுபிடித்து வந்திருக்கிறார்கள்.

முதலில் கண்ணிலிருந்து தொடங்கலாம். மலைச்சரிவின் கோணத்தை நாம் எல்லோருமே தப்பாகத்தான் மதிப்பிடுகிறோம், அதுவும் எப்போதும் ஒரே திசையில். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் ப்ராஃபிட் என்ற உளவியலாளர் 1990களில் இதை அளந்தார். 5 பாகைச் சரிவின் முன்னால் ஆட்களை நிறுத்திக் கேட்டால் சுமார் 20 பாகை என்றார்கள். 10 பாகைச் சரிவை 30 என்றார்கள். அதே ஆட்களிடம், பார்க்காமல் உள்ளங்கையால் ஒரு பலகையைச் சாய்த்து 'சரிவு இவ்வளவு' என்று காட்டச் சொன்னபோது பதில் உண்மைக்கு வெகு அருகில் வந்தது. கைக்கும் காலுக்கும் சரிவு சரியாகத் தெரிகிறது. அதனால்தான் படியில் தடுக்கி விழாமல் ஏறுகிறோம். மனதுக்கு மட்டும் மலை செங்குத்தாக நிற்கிறது. களைத்திருப்பவருக்கும், முதுகில் சுமை உள்ளவருக்கும், வயதானவருக்கும் இன்னும் செங்குத்தாகத் தெரிகிறது என்று அவருடைய குழு அடுத்தடுத்து அறிவித்தது. கண் கோணத்தைச் சொல்லவில்லை, 'ஏறினால் எவ்வளவு செலவாகும்' என்பதைச் சொல்கிறது என்பது அவர்களின் விளக்கம்.

2008இல் சிமோன் ஷ்னால் என்ற ஆய்வாளர் ப்ராஃபிட்டோடும் வேறு இருவரோடும் சேர்ந்து ஒரு படி மேலே போனார். சரிவின் அடியில் தனியாக நின்றவர்களையும் நண்பரோடு நின்றவர்களையும் ஒப்பிட்டார். நண்பரோடு நின்றவர்களுக்குச் சரிவு குறைவாகத் தெரிந்தது. நட்பு எவ்வளவு பழையதோ அவ்வளவு குறைவாக. நண்பர் பக்கத்தில் இருக்கவேண்டும் என்றுகூட இல்லை, மனதுக்கு ஆதரவான ஒருவரை நினைத்துக்கொண்டு பார்த்தாலே போதுமாக இருந்தது. பிடிக்காத ஒருவரை நினைத்தவர்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும். இந்த முடிவை அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது என்று சொன்னவர்களும் உண்டு, அவர்கள் காரணத்தோடுதான் சொன்னார்கள். ஃப்ராங்க் டர்கின் என்பவரின் குழு 2009இல் முதுகுச்சுமைச் சோதனையை மறுபடி செய்தது. சுமை சுமந்தவர்களில் ஒரு பகுதியினரிடம், பையில் இருப்பது தசைகளின் இயக்கத்தை அளக்கும் மின்கருவி என்று ஒரு காரணம் சொல்லி வைத்தார்கள். அவர்களுக்குச் சரிவு கூடித் தெரியவில்லை. காரணம் சொல்லப்படாதவர்களில், 'சுமையால் மலை செங்குத்தாகத் தெரியும் என்று எதிர்பார்க்கிறார்கள்போல' என்று ஊகித்தவர்களே கூட்டிச் சொன்னார்கள். அதாவது பார்வை மாறவில்லை, பதில் மாறியிருக்கலாம். இந்த வாதம் இன்னும் ஓயவில்லை. என் கருத்து இது: துணை இருந்தால் மலை உண்மையிலேயே தணிந்து 'தெரிகிறது' என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மலையைப் பற்றி மனம் போடும் மதிப்பீடு மாறுகிறது என்பதற்கு வேறு இடத்திலிருந்து வலுவான சாட்சி இருக்கிறது.

அந்தச் சாட்சி மூளைக்குள்ளிருந்தே வருகிறது. அதே வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கோன் 2006இல் வெளியிட்ட ஆய்வில் திருமணமான பெண்கள் 16 பேர் பங்கேற்றார்கள். ஒவ்வொருவரும் காந்த அதிர்வுப் படக்கருவிக்குள் படுத்திருக்க, கணுக்காலில் லேசான மின்அதிர்ச்சி வரக்கூடும் என்று திரையில் எச்சரிக்கை காட்டப்பட்டது. ஒரு முறை கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு முறை முன்பின் தெரியாதவரின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு முறை யார் கையும் இல்லாமல். ஆபத்தை எதிர்கொள்ளத் தயாராகும் மூளைப் பகுதிகள் தனியாக இருந்தபோது அதிகம் இயங்கின, அந்நியர் கையில் கொஞ்சம் தணிந்தன, கணவர் கையில் மிகவும் தணிந்தன. இல்லறம் நன்றாக இருப்பதாகச் சொன்னவர்களுக்கு அந்தத் தணிவு இன்னும் அதிகம். பதினாறு பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் கோன் அதில் கவனித்த ஒரு விஷயம் என்னை வெகுநாள் யோசிக்க வைத்தது. துணையின் கை மூளையில் 'ஆறுதல்' என்று புதிதாக எதையும் கிளப்பிவிடவில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த அச்ச வேலையைக் குறைத்தது, அவ்வளவுதான்.

இதிலிருந்து அவர் ஒரு கோட்பாட்டை உருவாக்கினார். தமிழில் 'துணை அடிநிலைக் கோட்பாடு' என்று சொல்லலாம். மனித மூளை துணையோடு இருப்பதைத்தான் இயல்பான நிலையாக எடுத்துக்கொள்கிறது. தனிமைதான் அதற்குக் கூடுதல் வேலை. இதைப் புரிந்துகொள்ள வீட்டுச் செலவுக் கணக்கை நினைத்துக்கொள்ளலாம். ஒரே சம்பளத்தில் ஓடும் வீட்டில் எல்லாவற்றுக்கும் முன்னெச்சரிக்கை வேண்டும். மருத்துவச் செலவு வந்தால் என்ன செய்வது, வேலை போனால் என்ன செய்வது என்று எப்போதும் ஒரு தொகையை ஒதுக்கி வைக்கவேண்டியிருக்கும். இன்னொரு சம்பளம் வந்தால் அரிசி விலை குறைவதில்லை. ஒதுக்கீடு குறைகிறது. அந்த இரண்டாவது சம்பளத்தை யாரும் இன்னும் எடுத்துச் செலவழிக்கவே இல்லை, ஆனாலும் மாதம் இலகுவாக ஓடுகிறது. மலையேற்றத்தில் மூளை போடுவது இந்த வகைக் கணக்கு. கால் பிசகினால் யார் தாங்குவார்கள், மயக்கம் வந்தால் யார் தண்ணீர் கொடுப்பார்கள், இருட்டிவிட்டால் யார் கூட இருப்பார்கள் என்ற ஒதுக்கீடுகளை, துணை பக்கத்தில் நடக்கும்போது மூளை எடுத்து வைக்கவேண்டியதில்லை.

திருமலையைச் சூழ்ந்த சேஷாசலக் காட்டில் இந்த ஒதுக்கீடு வெறும் கற்பனையும் அல்ல. திருமலை நடைபாதை சிறுத்தைகள் வாழும் காட்டின் ஊடாகவே போகிறது. 2023 ஆகஸ்டில் அலிபிரிப் பாதையில் ஒரு சிறுமி சிறுத்தைக்குப் பலியானாள். அதன்பின் திருமலை திருப்பதி தேவஸ்தானம் நடந்து ஏறுபவர்களைக் குழுக்களாக அனுப்பியது, கையில் தடி கொடுத்தது, பிற்பகல் 2 மணிக்குமேல் சிறுபிள்ளைகளோடு ஏறுவதைத் தடுத்தது. கூட்டமாகப் போனால் ஆபத்து குறையும் என்பது காட்டு விலங்குகளுக்கும் தெரிந்த கணக்கு. தனியாக மேயும் மான் அடிக்கடி தலையைத் தூக்கிப் பார்க்கும். கூட்டத்தில் மேயும் மான் அவ்வளவு பார்க்காது, அதிகம் மேயும். நம் மூளையின் பழைய பகுதிகளுக்கு அந்த மானின் பழக்கம் இன்னும் போகவில்லை.

இனி மூச்சுக்கு வருவோம். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் உறுதியாகத் தெரிவதும், ஆனால் யாரும் அதிகம் பேசாததும் இதுதான். "பேசிக்கிட்டே ஏறினோம், அதனால தெரியலை" என்பதை 'கவனம் பேச்சில் போய்விட்டது, வலி தெரியவில்லை' என்றே நாம் புரிந்துகொள்கிறோம். அது பாதி உண்மை. மீதிப் பாதி நுரையீரலில் இருக்கிறது.

மெதுவாக ஏறும்போது தசைக்கு வேண்டிய ஆக்சிஜன் தடையில்லாமல் கிடைக்கிறது, மூச்சும் வேகத்துக்கு ஏற்ப ஒரே சீராகக் கூடுகிறது. வேகம் ஓர் அளவைத் தாண்டினால் தசைகள் ஆக்சிஜன் இல்லாமலும் ஆற்றல் எடுக்கும் வழியை அதிகம் நாடுகின்றன. இரத்தத்தில் அமிலத்தன்மை கூடுகிறது. அதைச் சரிக்கட்ட கரியமில வாயுவை வெளியேற்றியாக வேண்டும் என்பதால் மூச்சு திடீரென்று வேகமெடுக்கிறது. இந்தத் திருப்பத்தை 'மூச்சு வரம்பு' என்று வைத்துக்கொள்வோம். பேசுவதற்கு மூச்சை நிதானமாக வெளியே விடவேண்டும். வரம்புக்குக் கீழே இருக்கும்வரை முழு வாக்கியமாகப் பேசலாம். வரம்பைத் தாண்டிவிட்டால் ஒரு சொல், ஒரு மூச்சு, இன்னொரு சொல் என்று பேச்சு உடைந்துவிடும். உடற்பயிற்சி மருத்துவர்கள் இதயநோயாளிகளுக்குக்கூட இதைச் சொல்லித் தருகிறார்கள்: கருவி எதுவும் வேண்டாம், வசதியாகப் பேச முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இப்போது அலிபிரிப் பாதையின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். முதல் இரண்டாயிரத்துச் சொச்சம் படிகள் காலிகோபுரம் வரைக்கும் விடாமல் ஏறுகின்றன. தனியாக வருபவர், அதுவும் இளைஞர், அடிவாரத்துக் குளிர்ந்த காலையில் உடம்பு புதிதாக இருக்கும்போது இந்தப் பகுதியை விறுவிறுவென்று ஏறிவிடுவார். வரம்பைத் தாண்டியது அவருக்குத் தெரியாது, ஏனென்றால் அவர் யாரோடும் பேசவில்லை. காலிகோபுரத்துக்கு வருவதற்குள் தொடை எரியும். அதற்குப்பின் பாதை கிட்டத்தட்டச் சமமாகப் போனாலும் அந்த எரிச்சல் முழுதாகத் தீராது. கடைசியில் மோகாளி மெட்டு என்ற ஏற்றம் வரும்போது கால் மறுத்துப் பேசும். இரண்டு பேராக வருபவர்களோ வீட்டு விஷயம், மகளின் கல்லூரி, ஊரில் விற்காமல் கிடக்கும் நிலம் என்று பேசிக்கொண்டே ஏறுகிறார்கள். பேச்சு உடையும்போதெல்லாம் யாராவது ஒருவர் "என்னங்க, கொஞ்சம் நில்லுங்களேன்" என்கிறார். அந்த வார்த்தையை அவர் சொல்லும் நேரம் மூச்சு வரம்பின் நேரம். தெரியாமலேயே இருவரும் தங்கள் உடல் தாங்கும் எல்லைக்குள் நடக்கிறார்கள். பேச்சு சிரமத்தை மறைக்கவில்லை. சிரமம் சேராமல் பார்த்துக்கொள்கிறது.

இந்த வரம்புக்கும் மகிழ்ச்சிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது பான்டெலெய்மன் எக்கெகாகிஸ் உடற்பயிற்சியின்போது, முடிந்தபிறகு அல்ல, அந்த நேரத்திலேயே மனநிலையை நிமிடத்துக்கு நிமிடம் கேட்டு எழுதிவைத்தவர். மூச்சு வரம்புக்குக் கீழே இருக்கும்வரை ஆளுக்கு ஆள் வேறுபாடு இருந்தாலும் பலருக்கு இதமாகவே இருந்தது. வரம்பைத் தாண்டியதும் ஏறக்குறைய எல்லோருக்கும் இதம் சரிந்தது. இன்னொன்றையும் அவர் குழு கண்டது. உடற்பயிற்சிப் பழக்கமில்லாத பெண்களை அவர்களுக்குப் பிடித்த வேகத்தில் நடக்கவிட்டபோது இதம் குறையவில்லை. அதைவிட வெறும் பத்து சதவீதம் அதிகமான வேகத்தை ஆய்வாளரே நிர்ணயித்தபோது இதம் குறைந்துகொண்டே போனது. பத்து சதவீதம் என்பது, கணவர் இரண்டு படி முன்னால் போய்த் திரும்பி நின்று "வாம்மா, சீக்கிரம்" என்று சொல்லும் அளவுதான். மலையில் வேகமானவர் பின்னாலோ பக்கத்திலோதான் நடக்கவேண்டும் என்பதை நான் இந்த ஆய்வைப் படித்த நாளிலிருந்து எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

சேர்ந்து நடக்கும்போது காலடிகள் தாமாகவே ஒன்றாகிவிடுவதைப் பலர் கவனித்திருப்பார்கள். ஒத்திசைவு என்று இதைச் சொல்கிறோம். இஸ்ரேலில் ஸிவோடோஃப்ஸ்கியும் ஹவுஸ்டார்ஃபும் 2007இல் இதை அளந்தபோது, யாரும் சொல்லாமலே இணைகள் அடிக்கடி ஒரே தாளத்தில் நடந்தன. கைகோத்து நடந்தபோது அது இன்னும் கூடியது. ஒத்திசைவு உடலுக்கு என்ன செய்கிறது என்பதை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துத் துடுப்புப்படகு அணி ஓரளவு காட்டிக்கொடுத்தது. எம்மா கோஹனும் ராபின் டன்பாரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில் அந்த வீரர்கள் உடற்பயிற்சிக்கூடத்துத் துடுப்புக் கருவியில் ஒரு நாள் தனியாகவும் ஒரு நாள் சேர்ந்து ஒரே தாளத்திலும் 45 நிமிடம் வலித்தார்கள். இரண்டு நாளும் அவர்கள் செலுத்திய விசையில் வேறுபாடில்லை. பிறகு இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை மேல்கையில் இறுக்கிக்கொண்டே போய் எப்போது 'வலிக்கிறது' என்று சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். சேர்ந்து துடுப்பு வலித்த நாளில் வலி தாங்கும் எல்லை கூடியிருந்தது, அதுவும் தனியாகத் துடுப்பு வலித்த நாளில் கூடியதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஏன் இப்படிச் சுற்றி வளைத்து அளக்கவேண்டும் என்று கேட்கலாம். உடல் தானே சுரக்கும் வலிநீக்கியான எண்டார்ஃபின் மூளைக்குள் எவ்வளவு சுரந்தது என்பதைக் கையில் இரத்தம் எடுத்துத் தெரிந்துகொள்ள முடியாது. இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு அதை எளிதில் கடக்கவிடாது. அதனால் வலி தாங்கும் எல்லையை அதன் நிழலாக எடுத்துக்கொள்கிறார்கள். எண்டார்ஃபின் ஒன்றே எல்லாவற்றுக்கும் காரணம் என்று பத்திரிகைகளில் வருவதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். ஹாம்பர்கில் 2021இல் ஓட்டக்காரர்களுக்கு எண்டார்ஃபினின் வேலையைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓடி முடித்தபின் வரும் அந்த மிதப்பு அப்போதும் வந்தது. கஞ்சாவில் உள்ள பொருளைப் போன்ற சில மூலக்கூறுகளை உடலே தயாரிக்கிறது, அவற்றுக்கு இதில் பங்கு அதிகம் என்று இப்போது கருதுகிறார்கள்.

திருமலைப் படிகளில் தாளத்துக்குக் குறைவில்லை. எங்கோ மேலே ஒருவர் "கோவிந்தா" என்று குரல் கொடுக்க, கீழே நூறு பேர் "கோவிந்தா, கோவிந்தா" என்று முடிக்கிறார்கள். குரல் கொடுக்க மூச்சை நீளமாக வெளியே விடவேண்டும், எல்லோரும் ஒரே நேரத்தில் விடவேண்டும். முன்பின் தெரியாத நூறு பேரின் மூச்சு சில நொடிகளுக்கு ஒன்றாகிறது. அதில் பக்கத்தில் இருப்பவர் உங்கள் மனைவியாகவோ கணவராகவோ இருந்தால், மூச்சோடு காலும் கையும் சேர்ந்துகொள்கின்றன.

இதயமும் சேர்ந்துகொள்ளுமா? இதற்குப் பதில் நெருப்பிலிருந்து வந்தது. சித்தூர்ப் பக்கத்துத் தர்மராஜா கோயில்களிலும் நம் திரௌபதி அம்மன் கோயில்களிலும் நடக்கும் தீமிதியைப்போல, ஸ்பெயினில் சான் பெட்ரோ மான்ரிக்கே என்ற ஊரிலும் ஆண்டுதோறும் தீ மிதிக்கிறார்கள். அங்கே மிதித்தவர்களுக்கும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் இதயத்துடிப்பை அளக்கும் பட்டைகளைக் கட்டி ஆராய்ந்த குழு 2011இல் முடிவை வெளியிட்டது. சும்மா நின்றிருந்த உறவினர்களின் இதயத்துடிப்பு, தீயில் நடப்பவரின் துடிப்போடு சேர்ந்து ஏறி இறங்கியது. உறவில்லாத பார்வையாளர்களுக்கு அப்படி நடக்கவில்லை. அந்த உறவினர்கள் கால் அசைக்கவில்லை, தாளம் இல்லை, தொடுதலும் இல்லை. நேசம் மட்டும் இருந்தது.

அதே குழுவில் இருந்த டிமிட்ரிஸ் ஸைகலாட்டஸ் பிறகு மொரீஷியஸுக்குப் போய் அங்குள்ள தமிழர்களின் தைப்பூசக் காவடியை ஆராய்ந்தார். 2013இல் வெளிவந்த அந்த ஆய்வு தமிழ் வாசகர்கள் அறிந்திருக்கவேண்டிய ஒன்று. அலகு குத்திக் காவடி எடுத்தவர்கள், அவர்களோடு கூடவே நடந்து வந்தவர்கள், வேறொரு நாள் அமைதியாகக் கூட்டுப் பிரார்த்தனையில் மட்டும் கலந்துகொண்டவர்கள் என்று மூன்று வகையினருக்கும் கொஞ்சம் பணம் கொடுத்து, அதில் எவ்வளவைக் கோயிலுக்குத் தருகிறார்கள் என்று பார்த்தார்கள். பிரார்த்தனையில் இருந்தவர்கள் குறைவாகவும் காவடி எடுத்தவர்கள் அதிகமாகவும் கொடுத்தார்கள். கூட நடந்தவர்கள், தங்கள் உடலில் ஓர் ஊசிகூட ஏறாதவர்கள், காவடி எடுத்தவர்களுக்குச் சற்றும் குறைவில்லாமல் கொடுத்தார்கள். அடுத்தவரின் வலிக்குத் துணையாக நடந்ததே அவர்களுடைய மனதையும் விரித்திருந்தது. மூட்டுவலியோடு ஏறும் மனைவிக்குப் படிக்குப் படி கைகொடுத்து வரும் கணவருக்கு என்ன நடக்கிறது என்பதற்கு இதைவிட நெருக்கமான ஆய்வு எனக்குத் தெரிந்து இல்லை.

இங்கே இன்னொரு கேள்வி எழும். இதே இருவர் வீட்டில் தினமும் சேர்ந்துதான் இருக்கிறார்கள். மாலையில் தெருவில் நடக்கவும் செய்கிறார்கள். மலைக்கு ஏன் போகவேண்டும்? நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி ப்ரூக்கில் ஆர்தர் ஆரன் 2000இல் வெளியிட்ட சோதனைகள் இதற்குப் பதில் வைத்திருக்கின்றன. தம்பதிகள் சிலரை, ஒருவரின் மணிக்கட்டையும் கணுக்காலையும் மற்றவருடையதோடு சேர்த்துக் கட்டி, தரைவிரிப்பின்மேல் தவழவிட்டு, இருவருக்கும் நடுவே ஒரு தலையணையைக் கையால் தொடாமல் பிடித்துக்கொண்டு ஒரு தடையைத் தாண்டச் செய்தார். வேறு சிலருக்கு எளிய, சலிப்பான வேலை. ஏழே நிமிடம். தடை தாண்டிய தம்பதிகள் அதற்குப்பின் தங்கள் உறவைக் கூடுதலாக மெச்சினார்கள், ஒருவரோடு ஒருவர் பேசுவதிலும் இணக்கம் கூடியது. புதியதும் உடலைக் கிளர்த்துவதுமான ஒன்றை இருவரும் சேர்ந்து கடக்கும்போது அந்தக் கிளர்ச்சி உறவின் பெயரில் வரவாகிறது. பழகிய தெருவில் அந்தக் கிளர்ச்சி கிடைக்காது. இதயம் வேகமாக அடிக்கவேண்டும், கொஞ்சம் பயமும் வேண்டும், ஒருவரால் மட்டும் முடியாது என்று தோன்றவும் வேண்டும்.

இவ்வளவும் சொன்னபிறகு, மலை எல்லா இணையையும் சேர்த்து வைத்துவிடும் என்று யாரும் நினைக்கக்கூடாது. யேல் பல்கலைக்கழகத்தில் எரிகா பூத்பியும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட எளிய சோதனையில், இருவர் ஒரே நேரத்தில் ஒரே சாக்லேட்டைத் தின்றபோது, பேசிக்கொள்ளாமலேகூட, அது தனியாகத் தின்றதைவிட ருசித்தது. கசப்புச் சாக்லேட்டைக் கொடுத்தபோது சேர்ந்து தின்றவர்களுக்கு அது தனியாகத் தின்றதைவிடக் கசந்தது. பகிர்வு எதைப் பகிர்கிறோமோ அதைப் பெருக்குகிறது. காலிகோபுரத்திலிருந்து திரும்பிப் பார்க்கும்போது கீழே விரியும் திருப்பதி நகரம் இருவர் கண்ணில் இன்னும் பெரிதாகிறது. மனக்கசப்போடு ஏறினால் அந்தக் கசப்பும் அப்படியே. கோனின் சோதனையில் கணவரின் கை எல்லோருக்கும் ஒரே அளவு வேலை செய்யவில்லை என்பதையும் இதோடு சேர்த்துப் படிக்கவேண்டும். மூளை துணையின் பெயரைக் கணக்கில் எழுதுவதற்கு முன், அந்தத் துணை முன்பு கைகொடுத்திருக்கிறதா என்று பார்க்கிறது. பல ஆண்டுகளின் வரவு அது. மணிவிழா முடித்து மெதுவாகப் படியேறும் தம்பதிகள், மஞ்சள் கயிறு வாடாத புதுத் தம்பதிகளைவிட அமைதியாக ஏறுவதற்கு வயது மட்டும் காரணமாக இருக்காது.

இந்த ஆய்வுகள் பெரும்பாலும் மேற்கத்திய மாணவர்களை வைத்து, ஆய்வறையில் சில நிமிடங்களுக்கு நடந்தவை. நான்கு மணிநேர ஏற்றம் வேறு. திருமலையில் இதைச் சோதிக்க எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன: ஒரே இலக்குக்குப் போகும் இரண்டு பாதைகள், நீளமும் செங்குத்தும் வேறு, தனியாக, இணையாக, கூட்டமாக ஏறுபவர்கள் நாள்தோறும் ஆயிரக்கணக்கில், பேச்சு, மௌனம், கோவிந்த நாமம் என்று எல்லா வகையும். இதயத்துடிப்புப் பட்டையும் இரத்த அழுத்தப் பட்டையும் இன்று கல்லூரி மாணவர்களின் கைக்கு எட்டுபவை. அலிபிரியில் கட்டிவிட்டுக் காலிகோபுரத்தில் ஒரு முறையும் மோகாளி மெட்டின் தலைப்பில் ஒரு முறையும் பார்த்தால் போதும். திருப்பதியின் பல்கலைக்கழக மாணவர் யாராவது இதைச் செய்தால் நான் முதலில் தேடும் எண் ஒன்றுதான். இணைகளின் இதயத்துடிப்பு மேலே போகப்போக நெருங்கி வருகிறது என்றால், அது வேகமானவரின் துடிப்பை நோக்கி நெருங்குகிறதா, மெதுவானவரின் துடிப்பை நோக்கியா?